படிக்கட்டையும் பெயர் சொல்லி எழுதுங்கள்: பிரான்சில் பழைய வீட்டுக்குப் பாதுகாப்பு வாங்கும் வழி

எங்கள் கட்டடத்துப் படிக்கட்டின் அகலம் 130 சென்டிமீட்டர். முதல் தடவை அளந்தபோது வெறும் ஓர் எண்ணாகத்தான் குறித்து வைத்தேன். அப்புறம் ஒருநாள் ஆவணக் காப்பகத்தில் பழைய பத்திரம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது விஷயம் பிடிபட்டது. மீட்டர் வருவதற்கு முன்னால் பிரான்சில் புழங்கிய அரச அடி 32.48 சென்டிமீட்டர். நான்கால் பெருக்கினால் 129.9. யாரோ ஒரு மேஸ்திரி நாலடிப் படி என்று பேசி, பேசியபடியே கட்டியிருக்கிறார்.

அந்தப் படிக்கட்டு இன்று அரசு ஆணையில் பெயர் சொல்லிப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் எங்கள் முதல் விண்ணப்பத்தில் அது இல்லவே இல்லை. எழுதாமல் விட்டது நான்தான்.

நான் நாந்த் நகரத்தில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். மருந்துக்கடையில் வேலை. கட்டடக்கலையும் படித்ததில்லை, சட்டமும் படித்ததில்லை. பன்னிரண்டு குடும்பங்கள் பங்கு வைத்திருக்கும் 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்றில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். போன மாதம் லா ரொஷெலில் வீடு வாங்கிய தம்பி ஒருவர் தொலைபேசியில், "அக்கா, எங்கள் கட்டடத்துக்கும் இப்படி வாங்க முடியுமா, எங்கே ஆரம்பிக்கணும்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். நாந்த், பொர்தோ, சேன் மாலோ, லொரியான் என்று எந்தத் துறைமுக ஊரானாலும் சட்டம் ஒன்றுதான்.

முதலில், ஏற்கெனவே என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று பாருங்கள். பண்பாட்டு அமைச்சகத்தின் 'பொப்' என்ற இணையத்தளத்துக்குள் 'மெரிமே' என்ற கட்டடப் பதிவேடு இருக்கிறது. 1834இல் வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளராக அமர்த்தப்பட்ட ப்ரோஸ்பெர் மெரிமேயின் பெயர் அது. ஊர், தெரு கொடுத்துத் தேடுங்கள். கட்டடம் கிடைத்துவிட்டால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். பதிவு எண்ணின் முதல் இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். 'பி-ஏ' என்று தொடங்கினால் சட்டப் பாதுகாப்பு உண்டு. 'ஐ-ஏ' என்று தொடங்கினால் அது 1964இல் ஆரம்பித்த நாடு தழுவிய கணக்கெடுப்பின் குறிப்பு. அழகான படம் இருக்கும், வரலாறு இருக்கும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. எங்கள் கட்டடத்துக்கு இரண்டாவது வகைப் பதிவுதான் இருந்தது. "அரசாங்கப் பட்டியலில் இருக்கிறோம், யாரும் கை வைக்க முடியாது" என்று அண்டை வீட்டார் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து 'ழேயோபோர்த்தாய்' என்ற நகரமைப்பு வரைபடத் தளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, சிறப்புப் பாரம்பரியப் பகுதிக்குள் இருக்கிறீர்களா என்பது. 1962இன் மல்ரோ சட்டம் 'காக்கப்பட்ட பகுதி' என்று கொண்டுவந்ததுதான் 2016இல் இந்தப் புதுப் பெயர் பெற்றது. நாந்தின் நடுநகரத்துக்கு 1972 முதலே இது உண்டு. இந்த எல்லைக்குள் இருந்தால், உள்ளூர்த் திட்டத்தின் வரைபடத்தில் உங்கள் கட்டடத்துக்கு என்ன குறி போட்டிருக்கிறது என்று மெரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், கேட்டுப் பாருங்கள். இரண்டு, வேறொரு வரலாற்றுச் சின்னத்தின் சுற்றெல்லைக்குள் வருகிறீர்களா என்பது. தனி எல்லை வகுக்காத இடத்தில் 1943ஆம் வருடச் சட்டம் தந்த 500 மீட்டர் கணக்கு. அதற்குள் இருந்து, உங்கள் கட்டடமும் அந்தச் சின்னமும் ஒருசேரக் கண்ணில் பட்டால் வெளிப்புற வேலைகளுக்கு அரசுக் கட்டடக்கலைஞரின் ஒப்புதல் தேவை. இவரை இங்கே எல்லாரும் 'ஆ-பே-எஃப்' என்றுதான் சொல்வார்கள்.

எங்களுக்கு இருந்தது இந்த 500 மீட்டர் மட்டும். அது வெளிச்சுவரைக் காக்கும். படிக்கட்டை யாராவது உடைத்துப் போட்டாலும் அந்த விதிக்குத் தெரியாது. பொர்தோ நண்பர்கள் சிலர் 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் சேர்ந்துவிட்டதால் எல்லாம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். உங்கள் வீட்டு ஜன்னலைக் காப்பது பிரெஞ்சுச் சட்டம்தான். அந்தப் பட்டியல் தனியாக ஒரு மரச்சட்டத்தையும் காக்காது.

சரி, பாதுகாப்பு போதவில்லை என்று தெரிந்துவிட்டது. விண்ணப்பம் எழுத உட்காராதீர்கள். ஒரு நோட்டு, டார்ச், அளவு நாடா, நூலில் கட்டிய ஈயக்குண்டு எடுத்துக்கொண்டு நிலவறையிலிருந்து கூரை வரை ஏறி இறங்குங்கள். அவசரமில்லாமல் மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமை.

நாந்தில் அந்தக் காலத்துக் கட்டடங்கள் கீழே கருங்கல், மேலே வெள்ளைச் சுண்ணக்கல். அந்த வெள்ளைக் கல்லுக்கு 'த்யூஃபோ' என்று பெயர். சோமூர் பக்கத்திலிருந்து லுவார் ஆற்றில் படகில் வந்தது. பருமனில் ஏறக்குறையப் பாதி நுண்துளைதான். செதுக்க லேசு, தண்ணீர் குடிப்பதும் லேசு. அதனால்தான் ஆற்றுநீர் தொடும் அடித்தளத்தில் கருங்கல்லை வைத்தார்கள். கூரைக்கு ஆன்ஜே பக்கத்துக் கற்பலகை. ஜன்னல்களின் தலைக்கல்லில் முகங்கள் இருக்கும்: கடல் தெய்வம், காற்று தெய்வம், மது தெய்வம், சில இடங்களில் ஆப்பிரிக்கர் முகம். 'மஸ்கரோன்' என்பார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். மூக்கு உடைந்ததையும் விடாதீர்கள்.

ஈயக்குண்டு எதற்கு என்றால், சுவர் சாய்வைப் பார்க்க. நாந்தில் ஃபேதோ தீவின் வீடுகள் கண்ணுக்கே தெரியும்படி சாய்ந்து நிற்கின்றன. இப்போது அது தீவல்ல. சுற்றி ஓடிய லுவாரின் கிளைகளை 1920களிலும் 30களிலும் மூடிவிட்டார்கள். மணல்மேல் மரச்சட்டம் போட்டு எழுப்பிய வீடுகள் அவை. மரம் தண்ணீருக்குள் முழுகியிருக்கும்வரை கெடாது. நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால்தான் அழுகும். உங்கள் ஊரில் கப்பல்துறை எதையாவது மூடியிருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள். விரிசல்மேல் சின்னதாகப் பிளாஸ்டர் பூசி, அதில் தேதி எழுதி வையுங்கள். பூச்சு கீறினால் சுவர் நகர்கிறது என்று பொருள்.

உள்ளே வாருங்கள். எங்கள் படிக்கட்டின் கைப்பிடி, தரையிலிருந்து இரண்டாம் மாடி வரை கொடிபோல் வளைத்து அடித்த இரும்பு. மூன்றாம் மாடிக்கு மேல் வெறும் நேர்க்கம்பி. பத்து வருடம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறேன், கவனித்ததில்லை. வீட்டுக்காரர் எந்த மாடி வரை வாழ்ந்தார், யாருக்கு மேல்மாடிகளைக் கொடுத்தார் என்பதை அந்த இரும்பே சொல்கிறது. இந்த மாதிரி விஷயங்களைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்: எந்த மாடி, எந்தப் பக்கம், என்ன பொருள், என்ன அளவு, படம் எடுத்த தேதி. அழகான வீடு என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட, கதவுக் கீல் ஒன்றின் தெளிவான படம் அதிகாரிகளுக்கு உதவும்.

வரலாற்றுப் பகுதிக்கு உங்கள் பத்திரத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். நொத்தேர், அதாவது சொத்துப் பத்திரங்களை எழுதிப் பதியும் சட்ட அதிகாரி, எழுதிய பத்திரத்தில், இதற்கு முன் யாரிடமிருந்து வந்தது என்று ஒரு பத்தி இருக்கும். அந்தப் பெயரைப் பிடித்து முந்தைய பத்திரம், அங்கிருந்து அதற்கும் முந்தையது. 75 வருடத்துக்கு மேற்பட்ட நொத்தேர் ஆவணங்கள் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கும். 1807இல் ஆணையிட்ட நெப்போலியன் கால நில அளவை வரைபடமும் அங்கே கிடைக்கும். இப்போதைய வரைபடத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தால் எந்தப் பகுதி பிற்காலத்தில் ஒட்டியது என்று தெரிந்துவிடும். நகராட்சிக் காப்பகத்தில் தெரு நேராக்கும் திட்டங்கள் இருக்கும். நாந்தில் 1760களிலும் 70களிலும் என்றால் நகரக் கட்டடக்கலைஞர் செனெரேயின் காலம், 1780க்குப் பிறகு க்ருசியின் காலம். பழைய கையெழுத்தைப் படிப்பது முதல் இரண்டு நாள் பாடாய்ப் படுத்தும். மூன்றாம் நாள் கண் பழகிவிடும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துறைமுக ஊரில் 18ஆம் நூற்றாண்டு வீடு என்றால் அதைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். பிரான்சில் அடிமை வணிகத்துக்கு அதிகக் கப்பல் அனுப்பிய ஊர் நாந்த். கடற்படை நீதிமன்ற ஆவணங்களில் கப்பல் பெயர், பங்குதாரர் பெயர், சரக்கு எல்லாம் பதிவாகியிருக்கிறது. எங்கள் கட்டடத்தின் முதல் சொந்தக்காரர் பெயரை நான் அங்கேதான் கண்டேன். ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்க அந்தக் கப்பல்கள் கொண்டுபோன சரக்கில் இந்தியப் பருத்தித் துணிக்குப் பெரிய இடம் உண்டு. சோழமண்டலக் கரையில் நெய்த துணியும் அதில் உண்டு. என் பாட்டி ஊர்ப்பக்கத்துத் தறியில் நெய்த ஒரு துண்டு இந்தப் படிக்கட்டுக் கல்லாக மாறியிருக்கலாம் என்று தோன்றியபோது, காப்பகத்தில் உட்கார முடியாமல் வெளியே போய் நின்றேன். விண்ணப்பத்தில் அதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்தேன். "இதைச் சேர்க்க வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டார். சேர்த்தே ஆக வேண்டும் என்றேன். நாந்தின் ஃபோஸ் ஆற்றங்கரையில் 2012 முதல் அடிமை ஒழிப்பு நினைவிடம் இருக்கிறது; அதன் நடைபாதையில் கண்ணாடிப் பட்டயங்களில் கப்பல் பெயர்கள் பதித்திருக்கின்றன. எங்கள் வீட்டுக்கும் அந்தப் பட்டயங்களுக்கும் உள்ள தொடர்பை மறைத்து எழுதினால் அது வீட்டின் வரலாறு ஆகாது.

இப்போது விண்ணப்பம். 1913ஆம் வருடச் சட்டத்திலிருந்து வரும் பாதுகாப்பு இரண்டு படி. கீழ்ப்படி 'இன்ஸ்க்ரிப்சியோன்', பட்டியலில் பதிவு. வட்டாரத்தில் அரசின் பிரதிநிதியான ப்ரெஃபே கையெழுத்திடுவார். மேல்படி 'க்ளாஸ்மான்', அது பாரிஸ் வரை போகும், அமைச்சர் ஆணை. மேல்படிக்குச் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் அரசு உயர்மன்றத்தின் கருத்துக் கேட்டு அரசாணை பிறப்பிக்க வேண்டும். நாடு முழுவதும் பாதுகாக்கப்பட்டவை 45,000க்கு மேல். மூன்றில் இரண்டு பங்கு கீழ்ப்படிதான். பங்குக் குடியிருப்புக்கு அதைக் கேட்பதே நடைமுறை. அவசரம் என்றால் ஒரு வழி உண்டு: கட்டடத்துக்கு உடனடி ஆபத்து வந்துவிட்டால் அமைச்சகம் தற்காலிக ஆணை போடலாம். உடனே முழுப் பாதுகாப்பு வரும். பன்னிரண்டு மாதத்துக்குள் முடிவெடுக்காவிட்டால் விலகிவிடும்.

சொந்தக்காரர் மட்டுமல்ல, அக்கறையுள்ள எவரும், சங்கங்களும்கூட விண்ணப்பிக்கலாம். அனுப்ப வேண்டிய இடம் வட்டாரப் பண்பாட்டு அலுவலகமான 'த்ராக்', அதற்குள் வரலாற்றுச் சின்னங்கள் பிரிவு. வரலாறு, விவரிப்பு, நில வரைபட எண், படங்கள் இவ்வளவும் வேண்டும்.

இனி நான் செய்த தவறு. எதைப் பாதுகாக்கக் கேட்கிறீர்கள் என்ற இடத்தில் "தெரு முகப்பும் கூரையும்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். மற்ற ஆணைகளில் அப்படித்தான் பார்த்திருந்தேன். பார்வையிட வந்த ஆய்வாளர் அம்மையார் வாசலில் நுழைந்ததும் படிக்கட்டுக் கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "மதாம், இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டார். ஆணையில் எழுதிய பகுதிதான் வரலாற்றுச் சின்னம். எழுதாத பகுதி சட்டத்தின் கண்ணில் சாதாரண வீடு. அந்த ஒரு வரிதான் எல்லாம். அவர் சொல்லிக்கொடுத்தபடி மாற்றினோம்: "தெரு முகப்பு, முற்ற முகப்பு, கூரைகள், படிக்கட்டு அதன் அடித்த இரும்புக் கைப்பிடியுடன், நுழைவுக் கூடத்தின் கல்தரை." இணையத்தில் உங்கள் ஊரின் பழைய ஆணைகளைத் திறந்து அந்த வரியை மட்டும் இருபது இடத்தில் படித்துப் பாருங்கள். எப்படி எழுதுவது என்று கைவந்துவிடும்.

கட்டடத்தில் ஒவ்வொருவரின் வீட்டுக்குள்ளும் இருப்பவற்றுக்கும் இது பொருந்தும். எங்கள் முதல் மாடியில் ஒரு சலவைக்கல் கணப்பு இருந்தது. செதுக்கிய சிப்பி வேலையோடு, அந்தக் கட்டடத்திலேயே அழகான பொருள். அந்த வீட்டுக்காரர் ஆய்வாளருக்குக் கதவு திறக்கவில்லை. அவருக்கு அந்த உரிமை உண்டு. பார்க்காததை ஆணையில் எழுத மாட்டார்கள். ஆணை வந்த அடுத்த வருடம் கணப்பைப் பெயர்த்து விற்றுவிட்டார். முன்னாலேயே அவரோடு உட்கார்ந்து காப்பி குடித்துப் பேசியிருக்க வேண்டும். கடிதம் மட்டும் போட்டேன். சுவரில் இப்போது அதன் வடிவத்தில் வெளிறிய தடம் இருக்கிறது.

பதிவுக்குச் சட்டப்படி சொந்தக்காரர் சம்மதம் கட்டாயமில்லை. ஆனாலும் பங்குதாரர் கூட்டத்தில் வைத்து, வாக்கெடுத்து, அந்த முடிவை விண்ணப்பத்தோடு இணையுங்கள். எங்கள் கூட்டத்தில் இருந்த பயங்கள் இரண்டு: "இனி ஆணிகூட அடிக்க முடியாது", "விற்க முடியாது". இரண்டும் சரியல்ல. ஆணையில் இல்லாத உங்கள் சமையலறைக்கு இந்தப் பாதுகாப்பால் புதுக் கட்டுப்பாடு எதுவும் வராது. விற்கலாம், வாங்குபவரிடம் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்ல வேண்டும், விற்றதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் எது உள்ளே, எது வெளியே என்று தீட்டிக் காட்டினேன். பேச்சில் தீராத பயம் அந்தப் படத்தில் தீர்ந்தது.

பிறகு வட்டாரப் பாரம்பரியக் குழு கூடும். மக்கள் பிரதிநிதிகள், அதிகாரிகள், நிபுணர்கள், சங்கத்தார் சேர்ந்த குழு. கருத்துச் சொல்வார்கள், முடிவு ப்ரெஃபேயுடையது. கடிதம் போட்டதிலிருந்து ஆணை கையில் வரும்வரை எங்களுக்கு இரண்டரை வருடம் பிடித்தது.

ஆணை வந்த பிறகு வேலை செய்வது எப்படி? சாதாரணப் பராமரிப்பு தவிர, பதிவான பகுதியில் எந்த வேலைக்கும் கட்டட அனுமதி வேண்டும். பரிசீலனைக்கு ஐந்து மாதம். அதனால் கோடையில் சாரம் கட்ட நினைத்தால் முந்தின இலையுதிர் காலத்திலேயே கோப்பு உள்ளே போயிருக்க வேண்டும். அதற்கும் முன்னால், வெறும் ஓவியத்தோடும் படங்களோடும் ஆ-பே-எஃப் அலுவலகத்தில் நேரம் கேட்டுப் போய்ப் பேசுங்கள். முடித்த திட்டத்தை நீட்டினால் அவர்கள் பதில் ஆம் அல்லது இல்லை என்று முடிந்துவிடும். கேள்வியோடு போனால் கற்றுக்கொடுப்பார்கள். எங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, பக்கத்துத் தெருவில் சரியாகச் செய்த சுவர் எது, கெடுத்த சுவர் எது என்று கூட்டிப்போய்க் காட்டினார்கள். கட்டடக்கலைஞரைத் தேடும்போது பாரிஸின் ஷாயோ பள்ளியில் பாரம்பரியக் கட்டடம் படித்தவரா என்று கேளுங்கள்.

பொருட்களில் ஒன்றே ஒன்றுக்குப் பிடிவாதமாக நில்லுங்கள்: சிமெண்ட் வேண்டாம். த்யூஃபோ ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே தங்கும். உப்பு படிகமாகிக் கல்லின் முகம் அப்பளம்போல் உரியும். எங்கள் முற்றச் சுவரில் பல வருடங்களுக்கு முன் யாரோ பூசிய சிமெண்டை எடுத்தபோது பின்னால் கல்லே இல்லை, மாவுதான் இருந்தது. சுண்ணாம்புக் காரைதான் சரி. அழுக்கை எடுக்க மணலை வேகமாகப் பீய்ச்சுகிறோம் என்று வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். காலம் கல்லின் மேல் கட்டிய காப்புத்தோல் அதோடு போய்விடும். மழை அதற்கப்புறம் நேராக உள்ளே இறங்கும்.

ஜன்னலுக்கு வருவோம். குளிர் உண்மைதான், பிளாஸ்டிக் ஜன்னல் கேட்பவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பழைய மரச்சட்டத்தை வைத்துக்கொண்டே உட்பக்கம் இரண்டாவது ஜன்னல் போடலாம், இடுக்குகளை அடைக்கலாம். அலைபாயும் பழைய கண்ணாடி ஒன்றிரண்டு மிச்சமிருந்தால் அவற்றைக் கண்போல் பாருங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. பதிவான பகுதியின் பழுதுபார்ப்புச் செலவில் 40 சதவீதம் வரை அரசு மானியம் தரலாம். இது உச்சவரம்பு, உறுதி அல்ல. அனுமதிக் கடிதம் வருவதற்கு முன் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். வருமான வரியில் செலவைக் கழிக்கும் வழி உண்டு, ஆனால் வீட்டை 15 வருடம் விற்காமல் வைத்திருப்பேன் என்று உறுதி தர வேண்டும். பதிவு கிடைக்காதவர்களுக்கு, 1996ஆம் வருடச் சட்டத்தில் தோன்றிய ஃபோந்தாசியோன் தியூ பத்ரிமுவான் என்ற பாரம்பரிய அறக்கட்டளை தரும் முத்திரை இருக்கிறது. அதுவும் வரிச் சலுகைக்கு வழி திறக்கும்.

ஆணையை ஒட்டி வருடத்துக்கு ஒரு நாள் வேலை இருக்கிறது. நவம்பரில் இலை உதிர்ந்து முடிந்ததும் கூரைப் பீலிகளைச் சுத்தம் செய்கிறோம். அடைத்த ஒரு பீலி ஒரே குளிர்காலத்தில் சுவரை நனைத்துக் கெடுத்துவிடும். அதே நாளில் டார்ச்சோடு படிக்கட்டில் இறங்கி விரிசல் பூச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். மொத்தம் ஏழு. ஆறில் கீறல் இல்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் உள்ளது மட்டும் போன குளிர்காலத்தில் மயிரிழை அளவு பிளந்திருக்கிறது. பக்கத்தில் புதிதாக ஒன்று பூசி, தேதி எழுதி, படம் எடுத்து, கட்டடக்கலைஞருக்கு அனுப்பியிருக்கிறோம்.